யார்க்‌ஷயர் புட்டிங் எழவில்லையா? கோளாறைச் சொல்லுங்கள், காரணத்தைப் பிடிப்போம்

மாவை ஊற்றும்போது சத்தம் வந்ததா?

யார்க்‌ஷயர் புட்டிங் சரியாக வரவில்லை என்று யார் புலம்பினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். முட்டை எத்தனை, மைதா எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். ட்ரேயில் காய்ந்த எண்ணெய்மேல் மாவு விழும்போது சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல 'சுர்'ரென்று கேட்க வேண்டும், மாவின் ஓரம் அந்த நொடியே வெளுத்து இறுக வேண்டும். சத்தமே இல்லாமல் மாவு போய் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டால் அந்த ட்ரே அவ்வளவுதான். அதற்குமேல் ஓவன் முன்னால் மண்டியிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் எழாது.

புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. புட்டிங் என்று பெயர் இருப்பதால் இனிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். மைதா, முட்டை, பால், உப்பு, இவ்வளவுதான். ஈஸ்ட் கிடையாது, சோடா கிடையாது. இங்கிலாந்தின் வடக்கே அந்தக் காலத்தில் இறைச்சியைக் கம்பியில் குத்தி நெருப்பின் முன்னால் சுழற்றுவார்கள், அதிலிருந்து சொட்டும் கொழுப்பு வீணாகாமல் இருக்கக் கீழே ஒரு தட்டில் மாவை ஊற்றி வைப்பார்கள். அப்படித்தான் இது பிறந்தது. ஹன்னா கிளாஸ் என்ற அம்மாள் 1747-ல் எழுதிய சமையல் புத்தகத்திலேயே யார்க்‌ஷயர் புட்டிங் என்ற பெயர் வந்துவிட்டது. இறைச்சி விலை அதிகம், மாவு மலிவு. அதனால் முதலில் இதைக் கிரேவியோடு கொடுத்து வயிற்றைப் பாதி நிரப்பிவிட்டு, பிறகுதான் இறைச்சியைக் கண்ணில் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டில், அதாவது ஓவனில் சுட்ட இறைச்சியோடு சாப்பிடும் ஞாயிறு விருந்தில், எல்லாவற்றோடும் ஒரே தட்டில் வைப்பது பிற்பாடு வந்த பழக்கம். யார்க்‌ஷயரில் சில வீடுகளில் இன்னமும் முதல் தட்டு புட்டிங்தான்.

நான் யார்க்‌ஷயரிலேயே, லீட்ஸ் நகரில் இருக்கிறேன். என் கணக்கு: முட்டை 4, மைதா 140 கிராம், பால் 200 மி.லி., உப்பு அரை டீஸ்பூன். ஆழமான மஃபின் ட்ரேயில் எட்டு வரும். கடையில் ப்ளெய்ன் ஃப்ளவர் என்று விற்பது நம் மைதாவேதான். முட்டையையும் மைதாவையும் முதலில் கட்டியில்லாமல் அடித்துக்கொண்டு, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் ஆப்ப மாவு பதத்துக்கு வரும். குறைந்தது அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். முந்தின ராத்திரியே கரைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லது, ஆனால் சுடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிட வேண்டும். தராசு இல்லையென்றால் ஒரே டம்ளரில் முட்டை, மைதா, பால் மூன்றையும் சம அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பல வீடுகளில் அதுதான் கணக்கு. ஊரில் முட்டை சிறியது என்பதால், அங்கே செய்கிறவர்களுக்கு எண்ணிக்கையைவிட இந்த டம்ளர் கணக்குதான் பத்திரம்.

சரி, இனி கோளாறுகள்.

எழவே இல்லை, அடை மாதிரி படுத்துவிட்டது

இதுதான் எல்லோருக்கும் வருவது. எனக்கும் முதல் குளிர்காலம் முழுக்க இதுதான் வந்தது. முட்டையை மாற்றிப் பார்த்தேன், பாலில் தண்ணீர் கலந்து பார்த்தேன், கை வலிக்க அடித்தும் பார்த்தேன். கடைசியில் பிடிபட்டது வேறு. வாடகை வீட்டு ஓவன் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. திருகியை 230-ல் வைத்தால் உள்ளே 195-தான் இருந்தது. உள்கம்பியில் தொங்கவிடும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி மாட்டிய பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கும் தொடர்ந்து படுத்துக்கொண்டே இருந்தால், வேறு எதையும் மாற்றுவதற்கு முன்னால் அந்தத் தெர்மாமீட்டரை வாங்கிவிடுங்கள்.

ஏன் சூட்டுக்கு இத்தனை மரியாதை என்றால், இதைத் தூக்குவது வெறும் ஆவி மட்டும்தான். பாலிலும் முட்டையிலும் இருக்கும் தண்ணீர் ஆவியானால் பழைய அளவைப்போல 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். பூரி உப்புவதும் இதே சங்கதிதான், எண்ணெய் காயாவிட்டால் பூரி தட்டையாகக் கிடப்பதை எத்தனை தரம் பார்த்திருப்போம். இங்கே இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஆவி தள்ளுகிற நேரமும், முட்டையும் மாவும் இறுகிச் சுவராக நிற்கிற நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். எண்ணெய் ஆறிப்போயிருந்தால் அடியிலும் ஓரத்திலும் மேல்தோல் பிடிக்காது, ஆவி அங்கங்கே கசிந்து போய்விடும், மாவு மெதுவாக வெந்து அடையாகிவிடும்.

அதனால் ஓவனை 230 டிகிரியில் (காற்றாடி ஓடும் ஓவன் என்றால் 210, கேஸ் என்றால் மார்க் 8) முழுதாகச் சூடேற்றுங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒன்றரை டீஸ்பூன் எண்ணெய் விட்டு வெறும் ட்ரேயை உள்ளே வைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் காத்திருங்கள். எண்ணெய் நெளிந்து, மேலே லேசாகப் புகை இழையோடத் தொடங்கும்போது ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள். சத்தம் வந்தால் ஊற்றலாம். மாவு வாயுள்ள ஜக்கில் தயாராக இருக்க வேண்டும், கரண்டியால் மொண்டு மொண்டு விட்டுக்கொண்டிருந்தால் எட்டாவது குழிக்கு வருவதற்குள் முதல் குழி ஆறிவிடும். குழியில் பாதிக்கு மேல் வேண்டாம். முப்பது நொடியில் வேலை முடிந்து கதவு மூடியிருக்க வேண்டும்.

சூடு சரியாக இருந்தும் எழவில்லையென்றால் மூன்று இடத்தில் தேடலாம். மாவு இட்லி மாவுபோலக் கெட்டியாக இருந்திருக்கும், பால் விட்டுத் தளர்த்துங்கள். முட்டை குறைந்திருக்கும், 140 கிராம் மைதாவுக்கு இரண்டு முட்டை போதவே போதாது. இல்லையென்றால் ட்ரே. சிலிகான் ட்ரே கேக்குக்கு நல்லது, இதற்கு உதவாது, சூட்டைப் பிடித்து மாவுக்குக் கொடுக்க அதற்குத் தெரியாது. கறுத்துப்போன பழைய இரும்பு ட்ரேதான் ராஜா.

கண்ணாடிப் பாத்திரத்தில் மட்டும் முயற்சியே செய்யாதீர்கள். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த மாவை ஊற்றினால் அது வெடித்துச் சிதறலாம், கூடவே கொதிக்கும் எண்ணெயும் இருக்கிறது.

எழுந்து நின்றது, வெளியே எடுத்ததும் பொசுக்கென்று அமுங்கிவிட்டது

இரண்டில் ஒன்று. பாதியில் கதவைத் திறந்திருப்பீர்கள், அல்லது பொறுமையில்லாமல் சீக்கிரம் எடுத்திருப்பீர்கள்.

பக்கத்து வீட்டு அம்மாள் பார்ன்ஸ்லி பக்கத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அளவு எதுவும் சொல்லமாட்டார், கேட்டால் கையை விரித்து "இவ்வளவு" என்பார். ஆனால் என் கை ஓவன் கைப்பிடிக்குப் போனால் மட்டும் குரல் உயரும். "கதவை விட்டுத் தள்ளி நில்லு, லவ்." முதல் இருபது நிமிடம் கதவு கதவாக இருக்கட்டும். திறந்தால் உள்ளே இருக்கும் சூடு சட்டென்று இறங்கும், இன்னும் இறுகாத சுவர் ஆவியின் தள்ளல் இல்லாமல் உள்ளே விழும், பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் மறுபடி எழாது.

சீக்கிரம் எடுப்பது இன்னும் சகஜம். பதினைந்தாவது நிமிடத்தில் மேலே பொன்னிறம் வந்துவிடும், பார்க்க அழகாக இருக்கும், எடுத்துவிடத் தோன்றும். எடுக்காதீர்கள். மேல்விளிம்பு சிவந்தால் போதாது, பக்கச் சுவரும் சிவக்க வேண்டும். சின்னதுக்கு 20 முதல் 25 நிமிடம், பெரிய ட்ரேயில் ஒரே துண்டாகச் சுட்டால் 35 வரை போகும். விரலால் பக்கத்தில் தட்டினால் காய்ந்த சுரைக்குடுவை மாதிரி சத்தம் வர வேண்டும். எடுத்ததும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் கத்தி முனையால் ஒரு குத்து குத்தி, அணைத்த ஓவனுக்குள் இரண்டு நிமிடம் வைத்துவிட்டால் உள்ளே மாட்டிய ஆவி வெளியேறி, சுவர் நனையாமல் நிற்கும்.

நடுப்பகுதி கொஞ்சம் இறங்குவது கோளாறு அல்ல, அதுதான் கிரேவி ஊற்றும் குழி. 2008-ல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி என்ற வேதியியல் சங்கம், நாலு அங்குல உயரமாவது இல்லாதது யார்க்‌ஷயர் புட்டிங்கே இல்லை என்று அறிவித்தது. சுமார் 10 செ.மீ. வேதியியல்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், இந்த நாட்டில் இது அவ்வளவு பெரிய விஷயம். என்னுடையது எட்டரை சென்டிமீட்டர் வந்தாலே நான் யாரையும் மதிக்கமாட்டேன்.

ஒரு பக்கம் மட்டும் எழுந்து சாய்ந்து நிற்கிறது

ஓவனின் காற்றாடி ஒரு பக்கம் வேகமாக அடிக்கிறது, அல்லது சூட்டில் ட்ரே முறுக்கிக்கொண்டு எண்ணெய் ஒரே பக்கம் ஓடிவிட்டது. மெல்லிய தகரம் இப்படித்தான் 'டொங்'கென்று ஒரு சத்தம் போட்டு வளையும். கனமான ட்ரே வாங்குங்கள், ஓவனின் நடுத்தட்டில் வையுங்கள், மேல்தட்டைக் காலியாக விடுங்கள். சாய்ந்து நிற்பதைச் சாப்பிடத் தடை ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கும், ஒரு பக்கம் மொறுமொறுப்பு, மறு பக்கம் மெத்து.

குழியே விழவில்லை, கப்கேக் மாதிரி வந்திருக்கிறது

செல்ஃப் ரெய்சிங் மைதாவைப் போட்டீர்களா? இங்கே இரண்டு பொட்டலமும் அலமாரியில் ஒட்டி ஒட்டி இருக்கும், அவசரத்தில் கை மாறிவிடும். அதில் பேக்கிங் பவுடர் கலந்திருப்பதால் மாவு முழுக்கச் சின்னச் சின்னக் குமிழ் வந்து பஞ்சு மாதிரி வேகும், உள்ளே ஒரே பெரிய பள்ளமாகத் திறக்காது. கேக் மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தும் போகும்.

ப்ளெய்ன்தான் போட்டேன் என்றால் குழியை நிறைத்துவிட்டீர்கள். ஆழமான குழியில் முக்காலுக்கு ஊற்றினால் காளான் மாதிரி தலை வெளியே தள்ளும், அது அமெரிக்கர்களின் பாப்ஓவர் சாயல். கிண்ணம் மாதிரி வேண்டுமென்றால் அகலமான, நாலே குழி உள்ள ட்ரேயில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள்.

ட்ரேயோடு ஒட்டிக்கொண்டது

எண்ணெய் குறைவு, அல்லது ட்ரே காயவில்லை, அல்லது போன தடவை ட்ரேயை யாரோ பளபளவென்று சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த யாரோ, உதவி செய்கிறேன் பேர்வழி என்று விடுமுறைக்கு வந்த மாமியார். இரும்புத் தோசைக்கல்லை எப்படி வைத்துக்கொள்வோமோ அப்படித்தான் இந்த ட்ரேயும், வெந்நீரில் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி எடுத்துவைக்க வேண்டும். புதுத் தகர ட்ரே என்றால் முதல் இரண்டு மூன்று தடவை ஒட்டத்தான் செய்யும்.

அடியில் எண்ணெய் குடித்து நசநசவென்று இருக்கிறது

எண்ணெய் அதிகம் என்று உடனே குறைக்காதீர்கள். பெரும்பாலும் சூடு குறைந்த எண்ணெய்தான் உள்ளே போகும், ஊறிப்போன வடை மாதிரி. முதலில் சூட்டைச் சரிசெய்யுங்கள், அதன் பிறகும் அடியில் குளம் கட்டினால் ஒரு டீஸ்பூனுக்கு இறங்குங்கள்.

ரப்பர் மாதிரி இழுக்கிறது, முட்டை வாடை அடிக்கிறது

முட்டை கூடிவிட்டது. உயரம் வேண்டுமென்று வெறும் வெள்ளைக்கருவை மேலும் மேலும் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், உயரம் வரும், ஆனால் மெல்லும்போது பலூன் தின்றதுபோல இருக்கும். முட்டைக் கணக்கு சரி, இருந்தும் இழுக்கிறது என்றால் வேகவில்லை, இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். 200 மி.லி. பாலில் 50 மி.லி. குறைத்து அந்த அளவுக்குத் தண்ணீர் விட்டால் மேல்தோல் இன்னும் மொறுமொறுப்பாக வரும், நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

வீடு முழுக்கப் புகை, அலாரம் அலறுகிறது

எண்ணெய் தேர்வு தவறு. வெண்ணெய் வேண்டாம், அதில் இருக்கும் பால் பகுதி இந்தச் சூட்டுக்கு வெகு முன்பே கருகிவிடும். எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெயும் தாங்காது. இந்த ஊர்க்காரர்கள் சத்தியம் செய்வது டிரிப்பிங்மேல், அதாவது மாட்டிறைச்சியிலிருந்து உருக்கிய கொழுப்பு. அது கொடுக்கும் மணத்தை வேறு எதுவும் கொடுக்காது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மாட்டுக்கொழுப்பு வீட்டுக்குள் வரக்கூடாது என்றால் சூரியகாந்தி எண்ணெய், அல்லது வெஜிடபிள் ஆயில் என்ற பெயரில் இங்கே விற்கும் ரேப்சீட் எண்ணெய், இரண்டும் குறை சொல்ல முடியாதவை. எண்ணெயும் சரிதான் என்றால் ஓவன் தரையைப் பாருங்கள், போன வாரம் சிந்திய கொழுப்பு அங்கே எரிந்துகொண்டிருக்கும்.

தப்பித்தவறி எண்ணெய் தீப்பிடித்தால் கதவைத் திறக்காமல் ஓவனை அணையுங்கள். தண்ணீரோடு பக்கத்திலேயே போகாதீர்கள்.

டோட் இன் தி ஹோல்: மேலே கருகுகிறது, சாசேஜுக்கு அடியில் பச்சை மாவு

முதலில் பெயர். 'குழிக்குள் தேரை' என்று அர்த்தம், ஆனால் தேரையெல்லாம் கிடையாது. நம்மிடம் கல்லுக்குள் தேரை, இவர்களிடம் மாவுக்குள் தேரை. பெரிய ட்ரேயில் சாசேஜுகளை வைத்து இதே மாவை ஊற்றிச் சுட்டால், உப்பிய மாவுக்கு நடுவிலிருந்து அவை தலையை நீட்டிக்கொண்டு பார்க்கும். தொடக்கத்தில் சாசேஜ்தான் என்றில்லை, கையில் இருந்த இறைச்சித் துண்டு எதுவோ அது. ஹன்னா கிளாஸ் புறாவை வைத்தே செய்திருக்கிறார்.

அடியில் பச்சையாக இருப்பதற்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் சாசேஜிலிருந்து இறங்கும் தண்ணீர். மலிவான சாசேஜ் வேகும்போது நீர் விடும், பச்சையாக வைத்து மேலே மாவை ஊற்றினால் அந்த நீர் முழுக்க மாவுக்குள்தான் போகும். ஆகவே எண்ணெய் விட்ட உலோக ட்ரேயில் சாசேஜை மட்டும் வைத்து 220 டிகிரியில் பதினைந்து இருபது நிமிடம் சுடுங்கள், பாதியில் ஒரு முறை புரட்டுங்கள். பிறகு ட்ரேயை எட்டிப்பாருங்கள். கொழுப்பு தெளிந்து சலசலவென்று கொதித்தால் சரி. பால் மாதிரி கலங்கி, வெள்ளையாக நுரைத்தால் அது தண்ணீர். அதை ஒரு கிண்ணத்தில் வடித்துவிட்டு, இரண்டு ஸ்பூன் புது எண்ணெய் விட்டு, ட்ரேயை மறுபடி உள்ளே வைத்துப் புகை இழையும் வரை காத்திருங்கள். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்துத்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று நெருக்கம். 30-க்கு 20 செ.மீ. ட்ரேக்கு ஆறு சாசேஜ், அதற்கு மேல் வேண்டாம். ஒன்றுக்கொன்று இரண்டு விரல்கடை இடைவெளி இருந்தால்தான் நடுவில் மாவு எழ இடம் கிடைக்கும். மாவைச் சாசேஜ்மேல் ஊற்றாமல் இடுக்கில் ஊற்றுங்கள். பிறகு முப்பது முப்பத்தைந்து நிமிடம், கதவு பற்றித்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மேலே சீக்கிரம் கறுக்கிற ஓவன் என்றால் கடைசி பத்து நிமிடம் 200-க்கு இறக்கிவிடுங்கள். சதுரமாக வெட்டித் தூக்கும்போது நடுவில் தோசை கனத்துக்கு மெத்தென்று ஒரு படலம் இருக்கும், அது பச்சை மாவு இல்லை, வெந்ததுதான், இதன் ருசியே அங்கேதான். கத்தியில் வழவழவென்று ஒட்டினால்தான் பச்சை.

சைவக்காரர்களுக்குச் சைவ சாசேஜ் வைத்தும் வரும். அது நீர் விடாது, ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும், முன்சுடுதல் ஐந்து நிமிடம் போதும்.

நன்றாக வந்தது, சாப்பிட உட்காரும்போது சொதசொதத்துவிட்டது

கிரேவியை அடுப்படியிலேயே ஊற்றிக் கொண்டுவந்திருப்பீர்கள். ஊற்றுவது மேசையில், சாப்பிடுகிறவர் கையால். வெங்காயக் கிரேவி என்றால் மூன்று வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, சின்னத் தீயில் அரை மணி நேரமாவது வதக்கி, நன்றாகச் சிவந்த பிறகு ஒரு ஸ்பூன் மைதா தூவி, ஸ்டாக் (எலும்போ காய்கறியோ வேகவைத்த சாறு) விட்டுக் கொதிக்கவிடுங்கள். டோட் இன் தி ஹோலுக்கு இது இல்லாமல் விருந்தே இல்லை.

கிரேவியில் ஊறாத புட்டிங்தான் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. 1999-ல் நார்த் யார்க்‌ஷயரில் ப்ராபி என்ற கிராமத்தில் ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய யார்க்‌ஷயர் புட்டிங்குகளைச் சுட்டு, படகுக்கு அடிக்கும் வார்னிஷைப் பூசி, குளத்தில் படகுப் போட்டியே நடத்தினார்கள். நான் வார்னிஷ் அடிப்பதில்லை.

மிச்சமானது மறுநாள் மெத்தென்று தொய்ந்திருந்தால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், தோல் மாதிரி ஆகிவிடும். 200 டிகிரி ஓவனில் நாலு நிமிடம், ஏர் ஃப்ரையர் இருந்தால் மூன்று நிமிடம், மொறுமொறுப்பு திரும்பிவிடும். ஆறியதும் பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டும் வைக்கலாம், எடுத்தபடியே ஓவனில் வைத்தால் எட்டு நிமிடத்தில் தயார். பக்கத்து வீட்டு அம்மாள் மிச்சத்தைக் கிரேவியோடு தொடவே மாட்டார். சூடு செய்து, குழியில் ஒரு ஸ்பூன் கோல்டன் சிரப், அதாவது சர்க்கரைப் பாகு, விட்டு, டீ ஆறுவதற்குள் நின்றபடியே சாப்பிட்டுவிடுவார்.